எதிர்வீட்டுப் பூட்டு

பூட்டுக்காரர் கைக்கு மசியாத பூட்டு அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சொல்லாமல் பூட்டைத் திறக்கும் கம்பியைத் தொடமாட்டார்.

அன்று கடைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஆளில்லாத எதிர்வீட்டைக் காட்டி, "திறங்க, சோதனை போடணும்" என்றார்.

"கோர்ட் உத்தரவு இருக்கா சார்?"

"எனக்கே சட்டம் சொல்றியா?"

"அரசியல் சட்டம் எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுதானே சார். உத்தரவைக் காட்டுங்க, இப்பவே திறக்கிறேன்" என்று கடை வாசலிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிப் போனார்.

மனைவிக்கு ஆத்திரம். "அந்த எதிர்வீட்டு ஆளு மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்னு சொன்னீங்க. அவனுக்காகவா போலீஸோட மல்லுக்கட்டுறீங்க?"

"இப்பவும் முழிக்கமாட்டேன்" என்றார் அவர், கம்பியைத் துடைத்தபடி. "ஆனா இதே கம்பி நம்ம வீட்டுப் பூட்டையும் திறக்கும்டி."