குங்கிலியம் போட்ட ஃபேன் பெல்ட்

கார் பெல்ட்டுக்கும் ரைஸ்மில் பெல்ட்டுக்கும் நீளத்தில் மட்டும்தான் வித்தியாசம் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். மண்ணச்சநல்லூரில் எங்கள் அப்பா ரைஸ்மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே பெல்ட் வழுக்கிக் கிறீச்சிட்டால் அதன்மேல் ஒரு பிடி குங்கிலியத் தூளை வீசுவார்கள். பிசின் கவ்விக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மெக்கானிக் எதற்கு?

என் பத்து வயதுக் கார் ஒரு வியாழக்கிழமை காலையில் கத்த ஆரம்பித்தது. சாவியைத் திருகியதும் ஒரு கிறீச்சல். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். வேறு வாரமாக இருந்தால் நானும் சேர்ந்து வேடிக்கை பார்த்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வங்கித் தேர்வு. மையம், தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூரையும் தாண்டி ஒரு கல்லூரி. எட்டரைக்குக் கேட்டைப் பூட்டினால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் திறக்க மாட்டார்கள். ஒரு வருஷமாகப் படித்தவள், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். அப்பன் கார் வைத்துக்கொண்டு பெண்ணை பஸ்ஸில் அனுப்புவானா என்று வீரவசனம் பேசியது நான்.

சத்தம் ஃபேன் பெல்ட்டிலிருந்து வருகிறது என்று போனில் தேடிக் கண்டுபிடித்தேன். அதோடு போனைக் கீழே வைத்திருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, ஏசி ஓடாது, தண்ணீர் பம்ப் நின்று இன்ஜின் கொதித்துவிடும் என்று வரிசையாகப் படித்தேன். மதியச் சாப்பாட்டுக்குள், காவிரிப் பாலத்தின் நடுவில் கார் புகைவதையும் மகள் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதையும் மூன்று தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் பின்னணியில் என் மனைவி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் குங்கிலியம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை அதை இடித்துத் தூளாக்கி, இன்ஜினை ஓடவிட்டு, எட்ட நின்று பெல்ட்டின்மேல் தூவினேன். சத்தம் நின்றது. நான் இடுப்பில் கைவைத்து நிற்கவும், இன்ஜினிலிருந்து வெள்ளைப் புகை எழும்பவும் சரியாக இருந்தது. தெருவெல்லாம் கோயில் வாசனை. எதிர்வீட்டுப் பெரியவர், பெருமாள் சேவித்துவிட்டு வந்தவர், நின்று பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன ஸ்வாமி, கார்லயே ஹோமம் பண்றேளா? பூர்ணாஹுதி எப்போ?”

பதில் சொல்வதற்குள் கிறீச்சல் திரும்ப வந்துவிட்டது, முன்பைவிடப் பலமாக, கூடவே பெல்ட் படபடவென்று அடிக்கும் சத்தத்தோடு. என் மனைவி வாசலுக்கு வந்து கரண்டியோடு நின்றாள். புகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

சனிக்கிழமை உறையூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்குமுன்பே மூக்கைச் சுளித்தார். “யாரு சார் உள்ள சாம்பிராணி போட்டது?”

முன்னால் ஒரு மெக்கானிக் ஏதோ போட்டார் என்று சொன்னேன். என் விரல் இடுக்கில் இருந்த பிசினைப் பார்த்துவிட்டு, அந்த மெக்கானிக் நல்ல ஆளாகத்தான் இருப்பார் என்றார்.

இன்ஜினை நிறுத்தி, டார்ச்சை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பெல்ட் எந்தப் புல்லிச் சக்கரத்துக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆல்டர்னேட்டர் நட்டைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே மடித்துக் காட்டினார். நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் எல்லாம் பழுப்புப் பிசினால் மூடியிருந்தன. இரண்டு இடத்தில் ரப்பர் பிய்ந்து தொங்கியது.

“குங்கிலியமெல்லாம் மில்லுலதான் போடுவாங்க. மில்லு பெல்ட்டு பட்டையா ஓடுறது சார். இது புல்லி வரியில உக்காந்து ஓடணும். அதை அடைச்சுப்புட்டா எப்படி உக்காரும்?”

வியாழக்கிழமையே வந்திருந்தால் மாற்ற வேண்டியிருந்திருக்குமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“லூசாதான் இருந்துருக்கு. ஒரு நட்டை முறுக்கியிருந்தா முடிஞ்சுது. இப்ப மாத்தித்தான் ஆகணும்.”

ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். தின்னரும் பிரஷ்ஷும் வைத்துப் பிசினைச் சுரண்டினார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய பெல்ட்டின் எண்ணோடு புதியதை ஒத்துப் பார்த்து மாட்டினார். எல்லா வரியிலும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவி, நட்டை முறுக்கி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஒரு சத்தமும் இல்லை. தைரியமாகக் கன்னியாகுமரி வரைக்கும் போய் வரலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். கார் வாயே திறக்கவில்லை. அதுதான் வினை. மூன்று நாள் கத்திய வண்டி சும்மா வந்தால் யாருக்குத்தான் பயமாக இருக்காது? பெல்ட் கழன்று விழுந்துவிட்டதோ என்று பாலத்தைத் தாண்டியதும் நிறுத்திப் பார்த்தேன். இருந்தது. பால்பண்ணை நிறுத்தத்தில் மறுபடி இறங்கி, இன்ஜின் சூடு தணியட்டும் என்று கால் மணி நேரம் நிற்கவைத்தேன். சூடு காட்டும் ஊசி, இருக்க வேண்டிய நடுவில்தான் நின்றது. ஊசியையே நான் நம்பவில்லை. திருவெறும்பூரில் மூன்றாவது தடவை பானெட்டைத் தூக்கியபோது மணி எட்டு. மகள் பையோடு இறங்கினாள்.

“அப்பா, நீங்க நிதானமா பாத்துட்டு வாங்க. நான் போறேன்.”

பின்னால் வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். எட்டு இருபதுக்கு, உள்ளே போகிறேன் என்று போனில் செய்தி அனுப்பினாள். காரில் எந்தக் கோளாறும் இல்லை.