பட்டாணி உரித்த பரீட்சை

என் வீட்டுக்காரர் பட்டாபிக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். கல்கத்தாவுக்கு வந்த நாளாக லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் சமையல். படிப்பு ஆறாம் வகுப்பு. நான் எஸ்.எஸ்.எல்.சி., டைப் ஹையர் பாஸ், அரசாங்க ஆபீசில் உத்தியோகம். எங்கள் பெண் பிரியங்காவைக் கான்வென்டில் சேர்த்தபோது, ஃபாரத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். பார்த்தார், மை காய ஊதிக் கொடுத்தார்.

மெஸ்ஸிலிருந்து மூன்று மணிக்கு வந்தால் ஏழு மணிக்குத்தான் திரும்பப் போவார். அந்த நாலு மணி நேரமும் எங்கள் பவானிபூர் வீட்டுச் சமையலறைதான் குழந்தைக்கு வகுப்பு. நான் ஆபீசிலிருந்து படியேறும்போதே சத்தம் கேட்கும்.

"ஒரு டம்ளர் ரவைக்கு மூணு டம்ளர் ஜலம். முக்கால் டம்ளர்னா?"

"ரெண்டேகால்பா!"

வெள்ளரிக்காயில் உப்பைத் தூவிவிட்டு, ஏன் நீர் விடுகிறது என்று கேட்பார். மிளகு எந்த மாநிலம், கடுகு எந்த மாநிலம் என்று அஞ்சறைப் பெட்டியை வைத்துக்கொண்டே பூகோளம் நடக்கும். குழந்தை மாவு பிசைந்துகொண்டே பட்பட்டென்று சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்னா, ஊர்ல எல்லாரும் ட்யூஷனுக்கு அனுப்பறா. நீங்க என்னடான்னா உப்புமா கிண்டிண்டு கணக்குச் சொல்லித் தரேள்!"

"அவளுக்கு வரதுடி, சகுந்தலா. விடேன்."

விட்டேன். 1996 மார்ச்சில், ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சையில், கணக்கிலும் விஞ்ஞானத்திலும் ஃபெயில். பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. சனிக்கிழமை வகுப்பு டீச்சர் மிதாலி மிஸ் வாய்மொழியாக மறுபடி கேள்வி கேட்பார், அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று கடிதம் வந்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு வங்காளி மாஷிமா மாடியேறி வந்துவிட்டாள். "சமையல்காரர் கிட்ட படிச்சா இப்படித்தான் ஆகும்" என்று கூடச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. மெதுவாகக் குழந்தையைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்திக்கொண்டார்.

"என்னடா கண்ணா ஆச்சு?"

"கை சும்மா இருந்ததுப்பா. ஒண்ணுமே ஞாபகம் வரலை."

"பேனா பிடிச்சிண்டிருந்தியே?"

"அது வேற."

சனிக்கிழமை மூவரும் போனோம். அவர் கையில் ஒரு வயர் கூடை, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. திரும்பி வரும்போது மார்க்கெட் போகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மிதாலி மிஸ் முதல் கேள்வி கேட்டார். குழந்தை தரையைப் பார்த்தது. இரண்டாவது கேள்விக்கும் அப்படியே. அப்போதுதான் இந்த மனிதர் துண்டை எடுத்தார். கூடை நிறையப் பச்சைப் பட்டாணி!

"திதிமோனி," என்று மிஸ்ஸைக் கூப்பிட்டு, சந்தையில் கற்றுக்கொண்ட வங்காளத்தில், குழந்தை இதை உரித்துக்கொண்டே பதில் சொல்லலாமா என்று கேட்டார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த நோட்டுகளைத் தள்ளி வைத்து இடம் பண்ணிக் கொடுத்தார்.

பிரியங்கா ஒரு காயை எடுத்தாள். டப்பென்று பிளந்தாள்.

"ஐந்தில் இரண்டு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் சேர்த்தால்?"

நாலைந்து காய் உரிந்தது. "இருபதில் பதின்மூன்று, மிஸ்."

அப்புறம் நிற்கவே இல்லை. நீர் ஏன் ஆவியாகிறது, ஈரத் துணி ஏன் காய்கிறது, எல்லாவற்றுக்கும் பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தோல். பத்தாவது கேள்வியில் பார்க்கிறேன், மிஸ்ஸும் ஒரு காயைப் பிளந்துகொண்டிருக்கிறார்.

"பாஸ்," என்றார். "எந்த ட்யூஷன் மாஸ்டர்?"

குழந்தை அப்பாவைப் பார்த்தது. மிஸ் பள்ளிக்கூட ஃபைலைப் புரட்டினார். "பிசினஸ் என்று போட்டிருக்கிறதே. என்ன பிசினஸ் செய்கிறீர்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். என் மானத்துக்காக வாய் திறக்காமல் அப்படியே நின்றார், பாவி மனுஷன். இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தையை அவர் எப்படி முழுங்கினாரோ!

"அதைத் தப்பா எழுதினது நான்தான், மிஸ்," என்றேன். "இவர் சமையல்காரர். வீட்டு அடுப்படியில் இவர்தான் சொல்லிக் கொடுத்தார்."

மிஸ்ஸின் பேனாவையே வாங்கி, பிசினஸை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'குக்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் குனிந்து, மேசைமேல் கிடந்த பட்டாணித் தோலை இரண்டு கையாலும் அள்ளினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. மிஸ் பார்த்தால் பார்க்கட்டும் என்று என் தலைப்பால் நான்தான் துடைத்துவிட்டேன்.