கார்னியே வீட்டார் வந்த கலியாணம்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வள்ளிநாயகியைத் தெரியாத கடைக்காரர் இல்லை. வன்னியிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம். காலையில் நாலு வீடு துடைப்பாள், பின்னேரம் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க்குச் சண்டை பிடிப்பாள். வாய் என்றால் வாய்! ஆனால் சொந்தமென்று பாரிஸில் மகள் லக்சிகாவைத் தவிர ஒருவருமில்லை.

லக்சிகாவுக்குக் கலியாணம் பேசியபோது சம்பந்தி இராசமலர் அந்த இடத்தில்தான் குத்தினாள். பக்கத்து ஊரான திரான்சியில் பாதி அவளுடைய ஆட்கள்.

"எங்கடை பக்கம் இருநூறு பேர். உங்கடை பக்கத்துக்கு ஒரு மேசை காணும்தானே?"

"மூண்டு மேசை போடுங்கோ," என்று வள்ளிநாயகி ரோசத்தில் சொல்லிவிட்டாள். முப்பது பேருக்கு எங்கே போவது?

அப்போதுதான் கார்னியே குடும்பம் நினைவுக்கு வந்தது. அவள் துடைக்கும் வீட்டுக் கிழவி மதாம் கார்னியே. வள்ளிநாயகியின் பல்வைத்தியரும் கார்னியே. குழாய் திருத்த வருபவன் கார்னியே, மூலைப் பாண்கடைக்காரன் கார்னியே. நகர் நடுவிலுள்ள பெரிய ஒப்பெரா நாடக மாளிகைக்கும் அதே பெயர், தலைச்சாயப் பெட்டியிலும் அதே பெயர்! இவ்வளவு பெரிய குடும்பமிருந்தும் கிழவி வீட்டை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"காணிச் சண்டையாக்கும். ஒப்பெரா ஆருக்கு எண்டு அடிபட்டிருப்பினம்," என்று அவளே முடிவு கட்டினாள்.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குச் சொல்லி மற்றவரை விட்டால் செத்தாலும் மறக்கமாட்டார்கள். அதனால் கண்ட கார்னியேக்கெல்லாம் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பிதழ் கொடுத்தாள். வராமல் இருந்தால் இவள் சும்மா விடமாட்டாள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

லக்சிகா தலையில் கைவைத்தாள். "அம்மா, அது வெறும் பேர்! பிரான்ஸ் முழுக்கக் கார்னியே இருக்கினம். சொந்தமே இல்லை!"

"உன்ரை பேருக்குப் பின்னாலை அப்பாவின்ரை பேர் கிடக்குத்தானே? அவையின்ரை பேருக்குப் பின்னாலை ஆர்? கார்னியே! போடி."

கலியாணத்தன்று ஒபர்வில்லியே மண்டபத்துக்கு முப்பத்தொரு கார்னியேகள் வந்தார்கள். வாசலில் கைகொடுத்துப் பெயர் சொன்னார்கள். "நீங்களுமா?" என்று ஒருவரையொருவர் பார்த்து வாய் பிளந்தார்கள். வள்ளிநாயகி பன்னீர்ச்செம்பைக் கீழே வைத்தாள். ஐயோ பிள்ளையாரே, மகள் சொன்னது சரிதான்! மானம் போச்சு.

இராசமலர் விடுவாளா? "சொந்தக்காரர் எண்டியள். உவை இப்பத்தான் பேர் கேக்கினம்?"

வள்ளிநாயகி அவசரமாகப் பலகாரத் தட்டை அவள் கையில் திணித்தாள். அந்த நேரம் பார்த்துப் படமெடுப்பவன் பெண்வீட்டாரை மேடைக்குக் கூப்பிட்டான். குழாய்க்காரன் ஓடிப்போய் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றான். பல்வைத்தியர் அவனைத் தள்ளினார். கிழவி இருவரையும் ஊன்றுகோலால் இடித்தாள். படத்தில் தன்னை மறைப்பதாகப் பாண்கடைக்காரன் பெண்சாதி பிரெஞ்சில் கத்தினாள். மேடையே அல்லோலகல்லோலம்.

"என்னவாம்?" என்றாள் இராசமலர்.

லக்சிகா தாயின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். "ஆர் மூத்த கார்னியே எண்டு அடிபடுகினம், மாமி. முந்தியே சண்டையாம். ஒப்பெராக் காணி."

இராசமலர் அந்தத் தள்ளுமுள்ளைப் பார்த்தாள். பிறகு மண்டபக்காரனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பொம்பிளை பக்கத்துக்கு இன்னுமொரு மேசை போடும். உவை சொந்தம்தான்."