அடுக்களையில் மட்டும் ஸ்காட்ஸ்

ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில் நிரஞ்சனா நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுவது ஸ்காட்ஸ் மொழியை. ஆங்கிலத்துக்குப் பங்காளி முறை. ஸ்காட்லாந்தில் வீட்டுக்குள் பேசுவது. அதன் சொற்களை ஊர்க்காரர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. கடைசி அத்தியாயத்துக்கு இயல்பான பேச்சின் ஒலிப்பதிவு வேண்டும். அது இல்லையென்றால் பட்டம் இல்லை.

அகப்பட்டவர் டூகல். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்து ஆள், ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்கு வந்து மைக் முன்னால் உட்காருவார். வாயைத் திறந்தால் செய்தி வாசிப்பவரின் ஆங்கிலம். தப்பித்தவறி ஒரு ஸ்காட்ஸ் சொல் விழுந்தால் இவள் சும்மா இருப்பாளா? "அகராதியில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று திருத்திச் சொல்லிக் காட்டுவாள். அவர் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவார்.

மைக்கை அணைத்ததும் நேரே அடுக்களைக்குப் போவார். அங்கே அவள் கணவன் அசோகன் வடை தட்டிக்கொண்டிருப்பான். ஐடி வேலைக்காரன், ஸ்காட்ஸ் என்றால் விஸ்கி என்று நினைத்தவன். அவனிடம் "ஃபிட் லைக்" என்று நலம் விசாரித்து ஆரம்பிப்பார். மழை, முட்டிவலி, மாமியார் எல்லாம் ஸ்காட்ஸிலேயே கொட்டும். நிரஞ்சனாவுக்கு வயிறு எரிந்தது. கட்டியவன் வேறொருத்தியோடு சிரித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"அப்படி என்னடா பேசுறீங்க?"

"பாதி எனக்குப் புரியல. சும்மா ம்ம் கொட்டுறேன்."

"நான் நாலு வருஷம் ரிசர்ச் பண்றேன். உனக்கு ம்ம் போதுமா?"

"டென்ஷன் ஆகாத. வடை சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை வேறு வழியில்லாமல், டூகலிடம் கேட்டுக்கொண்டு மைக்கை அடுக்களையில் வைத்தாள். காதில் ஹெட்போனுடன் படுக்கையறையில் உட்கார்ந்தாள்.

எண்ணெய்ச் சத்தத்தில் அவர் மைக்கையே மறந்துவிட்டார். என் மனைவியிடம் ஏன் இப்படிப் பேசுவதில்லை என்று அசோகன் கேட்டான்.

கெட்டிக்கார க்வைன் என்றார் டூகல்; பெண்ணை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "ஆம் ஃபியர்ட் ஓ ஹர்," என்றார். அவளைக் கண்டால் பயமாக இருக்கிறதாம். தன் அம்மா பேசியதெல்லாம் தப்பு என்று அவளுடைய அகராதி சொல்கிறதாம்.

நிரஞ்சனாவுக்கு முகம் சுட்டது. அசோகன் மேல் பொறாமை அப்போதும் அடங்கவில்லை. உச்சரிப்பைக் குறித்தெடுக்கப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டியாக வேண்டும்; ஓட்டினாள். கடைசி அத்தியாயத்தின் முதல் உதாரணமாக "ஆம் ஃபியர்ட் ஓ ஹர்" என்ற வாக்கியத்தைத்தான் போட்டாள். அதைவிட நல்ல ஸ்காட்ஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை.