கழுவாத பாட்டில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். மண்டி மொஹல்லாவில் என்னைத் தெரிந்த யாரையும் கேளுங்கள், சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மைசூரில் ஒரு ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் நான் கழுவிய பாட்டிலில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் வெடிமருந்து கலந்திருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். மண்ணைப் பாட்டிலில் போட்டு, ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கி, வடிகட்டி மெஷினுக்குள் விடுவார்கள். மருந்து துளி இருந்தாலும் கம்ப்யூட்டரில் கோடு மலை மாதிரி எழும்பிவிடும்.

அன்றைக்கு வந்திருந்தது ஹனூர் பக்கத்து மண். கல்குவாரியில் வெடித்து ஒருவன் செத்துப்போயிருந்தான். அவன் மருந்தைத் திருடி வீட்டில் வைத்திருந்தான் என்று குவாரிக்காரர் சொல்லிவிட்டார். வீட்டு வாசல் மண்ணில் மருந்து தெரிந்தால் அவன் பெண்டாட்டி மேல் கேஸ், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் ஹனூரை ஒட்டின கௌதள்ளி ஊர்க்காரி, அந்தப் பக்கத்துப் பெண் என்றதும் மனசு கேட்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கழுவிக்கொண்டே நிமிர்ந்தால், தொட்டி பக்கத்தில் ஒரு ஆள், சட்டையெல்லாம் கல்தூசி. மண் கொண்டுவந்தவன் போல என்று நினைத்தேன். கழுவியதைக் கவிழ்த்து வைப்பது எங்கள் வழக்கம். கவிழ்த்திருந்த பன்னிரண்டில் ஒன்றை அவன் எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

“ஆத்தா, இது கழுவலீங்க.”

“உனக்கென்னப்பா தெரியும்? பதினெட்டு வருசமா இதே கையி.”

“கோவிச்சுக்காதீங்க. வேல முடிஞ்சா அங்கயே கை கால் கழுவிட்டுத்தானுங்க வூட்டுக்கே போவேன். அழுக்கு எனக்குத் தெரியும்.”

“பெரிய சுத்தக்காரன். போ, வெளிய நில்லு.”

பாட்டிலை வெடுக்கென்று கவிழ்த்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். வாட்ச்மேனைக் கேட்டேன், யாருமே வரவில்லை என்றார். மண்ணைக் காலையிலேயே போலீஸ் ஜீப்பில் வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

மறுநாள் மெஷினில் மண் பார்க்கிற ஷில்பா மேடம் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். வீட்டு மண்ணில் கோடு எழும்பியிருந்தது.

அந்த ஆள் நிமிர்த்தி வைத்த பாட்டில் ஞாபகம் வந்தது. காலிப் பாத்திரம் வாய் திறந்து கிடந்தால் என் கை சும்மா இருக்காது, வீட்டுப் பழக்கம், தானாகக் கவிழ்த்துவிடும். முந்தின நாள் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டே கழுவாததையும் கவிழ்த்திருப்பேனோ? பதினெட்டு வருடப் பெயர் போகிறதே என்று ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துப் போய்ச் சொல்லிவிட்டேன்.

“மேடம், ஒரு பாட்டிலக் கழுவாம கவுத்துட்டேன்னு நெனைக்கிறேன்.”

“நீங்களா அஜ்ஜி? மெஷின் மேல சந்தேகம் வரும், உங்க மேல வராதே.”

“எதுக்கும் இன்னொரு தடவ பாருங்க.”

அதே வீட்டு மண்ணைப் புதுப் பாட்டில்களில் போட்டு மூன்று தரம் பார்த்தார். மூன்றிலும் கோடு தரையோடு கிடந்தது. முதலில் வீட்டு மண்ணைப் போட்ட பாட்டிலில் அதற்கு முன்னால் இருந்தது வேறொரு குவாரியின் மண் என்று ரிஜிஸ்டரில் இருந்தது. வீட்டு மண்ணில் மருந்து இல்லை என்றே ரிப்போர்ட் போனது. அந்தப் பெண் மேல் கேஸ் இல்லை.

தூசிச் சட்டையோடு வந்தவனைப் பற்றியும் மேடத்திடம் சொன்னேன். ஃபைலில் செத்தவன் படம் இருந்ததாம். காட்டட்டுமா என்று மேடம் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்தப் பாட்டிலை நானே திரும்பக் கழுவினேன், ஒரு தரமல்ல, ஏழு தரம். வெறும் திரவத்தை ஊற்றிப் பார்த்தாலும் இன்றுவரை கோடு எழும்புகிறது. கண்ணாடியில் எங்காவது கீறல் இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் என்கிறார் மேடம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். ஒரு கீறலும் இல்லை.