இருபது பாட்டில் இறால் தொக்கும் ஒரு பதிவு எண்ணும்

வீட்டிலேயே தொழில் செய்தால் கடை வாடகை மிச்சம் என்பார்கள். அதைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை என்பது என்னைப்போல மாட்டிக்கொண்ட உங்களுக்கே தெரியும். சதுரங்கப்பட்டினத்தில் அம்மா இறால் தொக்கு கிண்டுகிறாள். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான் விற்கிறேன். மாமல்லபுரத்துக் கடைக்காரர் ஒருவர் வாரம் இருபது பாட்டில் எடுக்கிறேன் என்றார். லேபிளில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்க வேண்டும், அதுவும் மாதக் கடைசிக்குள். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

முதலாளி யார்?

இ-சேவை மையத்தில் உரிமையாளர் என்ற இடத்துக்கு என் பெயரைச் சொன்னேன். யோசனை என்னுடையது, அலைச்சல் என்னுடையது, பெயர் மட்டும் எதற்கு அம்மாவுக்கு? ஆதாரை வாங்கிப் பார்த்த மையத்து அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை.

“மொதலாளியாவ இன்னும் எட்டு மாசம் கீது. அதுவரிக்கும் அம்மாகிட்ட ஒழுங்கா வேலை செய்.”

பாய் கையெழுத்து

வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் பாய்க்குக் கரண்டு பில் பயம். தொழில் என்று எழுதினால் மீட்டரைக் கடை ரேட்டுக்கு மாற்றிவிடுவார்களாம். ஒரு அடுப்பு, ஒரு மிக்சி, அவ்வளவுதான் பாய் என்றேன். பிரச்சினை வந்தால் நானே போய்ப் பேசுகிறேன் என்று எழுதியும் கொடுத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“கரண்டுக்கு எழுதிக் குடுத்துட்டே, வாசனைக்கு இன்னா எழுதிக் குடுப்பே? தெனமும் எங்க வூட்ல எறா கேக்கறாங்க.”

ஜிஎஸ்டி

மறைமலைநகர் கம்பெனிக்குப் போகும் மாமா, ஜிஎஸ்டி இல்லாமல் விற்றால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று கிளப்பிவிட்டார். அம்மா அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை. பஸ் ஏறி செங்கல்பட்டில் ஒரு ஆடிட்டரைப் பார்த்தேன். தமிழ்நாட்டுக்குள்ளேதானே விற்கிறீர்கள், வருஷத்துக்கு எவ்வளவு போகும்? இரண்டே கேள்வி. பதிலைக் கேட்டுச் சிரித்தார்.

“ஜிஎஸ்டி கட்டற வரம்பைத் தொட்டா வாம்மா, நானே ஸ்வீட் வாங்கி வெச்சிருக்கேன்.”

போன் வந்தது

விண்ணப்பத்தில் வாரம் இருபது பாட்டில் என்று எழுதி, அம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து என்று காதில் விழுந்தாலே எல்லாவற்றையும் மறுப்பது அம்மாவின் பழக்கம். நாங்க எதுவும் விக்கறதில்ல சார், வூட்டுக்குத்தான் செய்யறோம் என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் சொன்ன கெடுவுக்கு இன்னும் நாலு நாள். தலையில் நுரையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினேன். அவர் நிதானமாகத்தான் கேட்டார்.

“அப்ப வாரம் இருபது பாட்டிலையும் நீங்க ரெண்டு பேருமே சாப்பிடறீங்களா?”

பீரோ சாவி

மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார். அம்மா பாட்டில்களை எல்லாம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். சமையலறையில் தொழில் நடக்கிற அடையாளமே இல்லை. விற்கவில்லை என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாமா என்று அம்மாவைத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள்.

“செய்யறது நான்தான் சார். பேசறதுக்குத்தான் இவ.”

பதிவு நம்பர் வந்தது, பாட்டில்களும் கடைக்குப் போயின. வீட்டுத் தொழிலில் அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருக்கிறது.