சென்னியப்பனும் மூடிய கிணறும்

சந்தைக்குப் போன வண்டிக்காரர்தான் பள்ளிக்கூட வாசலில் மாட்டை நிறுத்திச் சொன்னார். "ஏனுங்க வாத்தியாரே, சென்னியப்ப வாத்தியாரு போயிட்டாருங்க. பேதியாமுங்க." என்னால் நம்ப முடியவில்லை. கிருமியைப் பற்றி எங்கள் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரே மனிதர், கிருமியால் போய்விட்டார்.

கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் பள்ளியில் அவரும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவரோடு பழகியவர்கள் அவருடைய மண் நிரப்பிய ஜாடிகளை மறந்திருக்க மாட்டார்கள். பூண்டை நசுக்கி ஈரமண்ணில் பிசைந்து வைப்பார். நாள்தோறும் எங்கள் மூக்கருகே நீட்டுவார். நாங்கள் ஓட்டம் பிடிப்போம். நாற்றம் அடங்கியதும் அதே மண்ணில் மறுபடி பூண்டு போடுவார். இரண்டாம் முறை சீக்கிரமே அடங்கிவிடும். "மண்ணுல இருக்கற கிருமிக்குப் பழகிருச்சு பாருங்க, ருசி கண்டுருச்சு!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். கல்யாண வீட்டில்கூட அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவர் தெருவின் கிணற்றோரம் இருந்த வெங்காயப் பட்டறை சரிந்து, சேமித்த சின்ன வெங்காயம் முழுக்கக் கிணற்றில் விழுந்தது. அள்ளியது போக மிச்சம் அடியிலேயே அழுகியது. தண்ணீர் அழுகிய கூமுட்டை போல நாறியது. தெருவுக்கே குடிதண்ணீர்க் கிணறு அது.

சென்னியப்பன் எல்லோரையும் கூட்டி விளக்கினார். "வெங்காயத்துல கந்தகம் இருக்குதுங்க. காத்தில்லாத சேத்துல ஒரு கிருமி அதைப் பிரிச்சு நாத்தமாக்குது. தண்ணியில காத்துப் பட்டா வேற கிருமி வந்து எல்லாத்தையும் தின்னு தீர்த்துரும். கவலை ஓட்டி இறைங்க, கவலை தீந்துரும்." மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையை வைத்துச் சிலேடை வேறு. ஒருவரும் சிரிக்கவில்லை.

முந்தின கோடையில்தான் சர்க்கார் ஆட்கள் தமுக்கடித்து, பேதிக்குக் காரணம் கிருமி என்று சொல்லிப் போயிருந்தார்கள். எங்கள் பேச்சில் 'எல்லாத்தையும்' என்றால் பொருளும்தான், ஆளும்தான். அவர் நாற்றத்தைச் சொன்னார்; தெரு தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. மறுநாளே கல்லும் மண்ணும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. "மூடாதீங்க, கையெடுத்துக் கும்புடறேன்" என்று குறுக்கே நின்றவரை இரண்டு பேர் பிடித்து நகர்த்தினார்கள். அவருடைய சொந்த மச்சான்தான் ஒருவர்.

அதற்குப் பிறகு தெரு முழுக்க ஓடைத் தண்ணீர்தான். மேலே ஆடுமாடும் துணி துவைப்பும், கீழே குடம். அவர் காய்ச்சித்தான் குடிப்பார். ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் நீட்டும் சொம்புத் தண்ணீரை வேண்டாமென்று தட்ட முடியுமா?

துக்கம் கேட்கப் போனபோது அவர் அக்கா குடத்தோடு ஓடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். காய்ச்சிக் குடியுங்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். அழுது வீங்கிய முகத்தோடு அவர் நின்று பதில் சொன்னார். "எதுக்குங்க தம்பி? கிருமி இருந்தது கிணத்துலதானுங்களே. அதைத்தான் மூடியாச்சே."

சென்னியப்பன் எனக்கு விட்டுப்போனது அவருடைய அறிவு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.